ஒரே நிலக்கரி, மூன்று எண்கள்: நொறுக்கிய மாதிரியின் துகள் அளவில் வந்த முரண்பாடு குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

நிலக்கரி மாதிரிகளை வாங்கி, உலர்த்தி, நொறுக்கி, பங்கிட்டு, சாம்பல், ஈரப்பதம், எரிதிறன் பார்த்துத் தரும் ஓர் ஆய்வகத்தில் நடந்தது இது. நான் அங்கே தரக் கட்டுப்பாட்டுப் பொறுப்பில் இருந்தேன். கீழே சொல்லப்போகும் தவறுகளில் பெரியது என்னுடையது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

வரும் மாதிரி முதலில் ஒரு ஹாமர் மில்லில், அதாவது சுழலும் சுத்தியல்கள் அடிக்கும் அரவையில், நொறுங்கும். அதன் அடியில் இருக்கும் ஜல்லடைத் தகடு வழியாக வெளியே வருவதன் உச்ச அளவு 2.36 மி.மீ. இருக்கவேண்டும். உச்ச அளவு என்றால் ஒரு துகள்கூட அதைத் தாண்டக்கூடாது என்று பொருளில்லை. குறைந்தது 95% அந்தக் கண் வழியே கீழே போகவேண்டும், அதாவது 2.36 மி.மீ. சல்லடையில் தங்குவது 5%-க்குள் இருக்கவேண்டும். அதன் பிறகுதான் ரிஃபிளரில் (கொட்டுவதை இரு பக்கமும் சமமாகப் பிரித்துவிடும் பெட்டி) பங்கிட்டு, ஒரு பங்கை மட்டும் 212 மைக்ரானுக்கு அரைப்போம்.

இந்த 5% வெறும் சம்பிரதாயம் அல்ல. நிலக்கரித் துகள்கள் எல்லாம் ஒரே சரக்கு கிடையாது. ஒன்று பளபளப்பான சுத்தக் கரி, அடுத்தது சாம்பலே நிறைந்த களிப்பாறை. பெரிய துகள் ஒன்று கூடுதலாகவோ குறைவாகவோ ஒரு பங்கில் விழுந்தால் சாம்பல் மதிப்பே நகரும். ஒரே துல்லியம் வேண்டுமானால், பங்கிட்டபின் வைத்துக்கொள்ளவேண்டிய எடை துகள் விட்டத்தின் மும்மடியாக ஏறும். 2.36-க்குப் பதில் 4.75 மி.மீ. துகள் கலந்திருந்தால் எட்டு மடங்கு எடை வேண்டும். நாமோ பழைய எடையிலேயே பங்கிட்டுக்கொண்டிருப்போம்.

துகள் அளவை அதுவரை சல்லடை அடுக்கு வைத்துத்தான் பார்த்தோம்: 2.36, 1.70, 1.18 மி.மீ., பிறகு 600, 300, 212, 75 மைக்ரான், கீழே தட்டு. ஒரு மாதிரிக்கு எடை போடுவது, துடைப்பது எல்லாம் சேர்த்து முக்கால் மணி நேரம் பிடிக்கும். இந்த நேரத்தை மிச்சம் பிடிக்கத்தான் கேமரா வைத்த துகள் அளவி வாங்கினார்கள். துகள்கள் அதிரும் தகட்டிலிருந்து திரைபோல விழும். பின்னால் விளக்கு, முன்னால் கேமரா. நிழல்களை எண்ணி, மூன்று நிமிடத்தில் முழுப் பரவலையும் காட்டிவிடும்.

முதலில் கண்டது

கேமரா வந்த இரண்டாவது வாரம், ஒரே மாதிரிக்கு மூன்று எண்கள் மேசைக்கு வந்தன. 2.36 மி.மீ.-க்கு மேல் இருப்பது கேமராவில் 11.4%. பகல் ஷிஃப்ட் சல்லடையில் 3.1%. சந்தேகப்பட்டு இரவு ஷிஃப்டில் மறுபடி சலிக்கச் சொன்னதில் 5.8%.

பிரிவுப் பொறுப்பாளரின் முதல் எண்ணம் ஹாமர் மில் மீது போனது. சுத்தியல்கள் தேய்ந்திருக்கும், தகட்டின் கண்கள் விரிந்திருக்கும், சல்லடை இதைப் பிடிக்கவில்லை, கேமரா பிடித்துவிட்டது என்று அவர் நினைத்தார். நியாயமான ஊகம்தான். புதுக் கருவி சொல்வதைப் பழையது சொல்லவில்லை என்றால், பழையதைச் சந்தேகிப்பதுதான் எல்லோருக்கும் எளிது. 1.70 மி.மீ. கண் உள்ள மாற்றுத் தகடு அலமாரியில் தயாராக இருந்தது. அன்று மாலையே மாட்டிவிடலாம் என்று பேச்சு.

முதல் முடிவு: தகட்டைத் தொடவேண்டாம்

தகட்டை மாற்றுவதை நிறுத்தி வைத்தோம். காரணம் இரண்டு.

ஒன்று, நுண்ணிய தகடு இலவசமாக வராது. கரி மில்லுக்குள் கூடுதல் நேரம் சுழலும், சூடேறும், ஈரப்பதம் அங்கேயே பறக்கும், தூசாகப் போவதும் கூடும். ஈரப்பதச் சோதனைக்குப் போகும் பங்கு அதற்குள் தன் ஈரத்தில் கொஞ்சத்தை இழந்திருக்கும். ஒரு எண்ணைச் சரிசெய்யப்போய் இன்னொரு எண்ணைக் கெடுத்துக்கொள்வோம்.

இரண்டு, மூன்று எண்களும் ஒரே பொருளிலிருந்து வந்தவையா என்பதே எங்களுக்குத் தெரியவில்லை. விசாரித்ததில், சல்லடைக்குப் போனது ரிஃபிளரில் பங்கிட்டது. கேமராவுக்குப் போனது ட்ரேயில் கொட்டி வைத்த குவியலின் ஓரத்திலிருந்து ஸ்கூப்பில் அள்ளியது. நொறுக்கிய கரியைக் குவியலாகக் கொட்டினால் என்ன ஆகும் என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம்: பொடி நடுவில் இறங்கித் தங்கும், பருமனானது சரிவில் உருண்டு ஓரத்துக்கு வரும். ஓரத்தில் அள்ளினால் பருமன் கூடாமல் என்ன செய்யும்?

மில்லைத் திறந்து தகட்டை மட்டும் பார்த்துவிட்டோம். வெர்னியரில் கண்கள் சரியாகவே இருந்தன.

அடுத்த நாள் சுழலும் பங்கீட்டுக் கருவியில் ஒரு மாதிரியை எட்டுப் பங்காக்கினோம். 1, 3, 5, 7 சல்லடைக்கு. 2, 4, 6, 8 கேமராவுக்கு. சல்லடையின் சராசரி 3.3%. கேமராவின் சராசரி 9.6%. இடைவெளியில் ஏறத்தாழ இரண்டு சதவீதப் புள்ளி, அள்ளிய விதத்தால் மட்டுமே வந்தது. மீதி ஆறு புள்ளி அப்படியே நின்றது.

இரவு ஷிஃப்டின் 5.8%

கேமராவை ஒதுக்கிவைத்து, முதலில் சல்லடைக்கும் சல்லடைக்கும் இடையே உள்ள வித்தியாசத்தை எடுத்தோம். ஒரே முறைக்குள்ளேயே இரண்டு எண் வரும்போது, வேறு முறையோடு ஒப்பிடுவதில் பயனில்லை.

இரவு ஷிஃப்டில் இரண்டு மணி நேரம் கூடவே நின்றேன். வேலையில் அலட்சியம் எதுவும் இல்லை. உண்மையில் அந்த டெக்னீஷியன் பகல் ஆட்களைவிட நிதானமானவர். ஆனால் பகலில் 100 கிராம் சலிக்கும் இடத்தில் அவர் 500 கிராம் கொட்டினார். ஏன் என்று கேட்டதற்கு, "நிறைய எடுத்தா துல்லியம் கூடும்தானே சார்" என்றார். பங்கிடும்போது அது சரி. 200 மி.மீ. விட்டமுள்ள சல்லடை மேல் கொட்டும்போது அது தவறு.

கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். அந்தச் சல்லடையின் பரப்பு சுமார் 314 சதுர செ.மீ. எங்கள் கரியில் 600 மைக்ரான் சல்லடையில் தங்குவது ஏறத்தாழ 38%. 500 கிராமில் அது 190 கிராம். நொறுக்கிய கரி ஒரு கன செ.மீ.க்குச் சுமார் 0.8 கிராம் கனக்கும் என்று வைத்தால், ஏழெட்டு மி.மீ. தடிமனுக்குப் படுக்கை போட்டதுபோல் நிற்கும். எட்டு ஒன்பது துகள் அடுக்கு. மேலடுக்கில் இருக்கும் சின்னத் துகளுக்கு, ஆட்டி முடிக்கும்வரை சல்லடைக் கண்ணைப் பார்க்கும் வாய்ப்பே கிடைக்காமல் போகலாம். 100 கிராமில் அது ஒன்றிரண்டு அடுக்குதான்.

ஆனால் இது மேல் சல்லடையில் 5.8% வந்ததை விளக்காது. அங்கே முக்கால்வாசிக்கு மேல் உடனே கீழே இறங்கிவிடும். 2.36 சல்லடையில் தங்கியதை வெள்ளைத் தாளில் கொட்டி விரலால் நசுக்கினேன். பாதிக்குக் கிட்டத்தட்ட மாவாகப் போனது. அவை துகள்களே இல்லை. ஈரப்பொடி திரண்ட கட்டிகள். மாலையில் வரும் மாதிரிகளை உலர்த்த இரவில் போதுமான நேரம் விடவில்லை. ட்ரேயில் மேலாகத் தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும், அடியில் ஈரம். காற்றில் உலர்ந்து எடை நிலைத்துவிட்டதா என்று பார்க்காமலே மில்லுக்குப் போயிருந்தது.

இன்னொன்றும் கிடைத்தது. இரவில் பயன்படுத்திய அடுக்கில் 600 மைக்ரான் சல்லடையின் வலை நடுவில் தொய்ந்திருந்தது. அளவு தெரிந்த கண்ணாடி மணிகளைப் போட்டுப் பார்த்ததில் தேறவில்லை. அதைத் தூக்கிப் போட்டோம். அடைத்துக்கொண்ட துகள்களைக் கம்பி பிரஷ்ஷால் குத்தி எடுத்த பழக்கத்தின் விளைவு அது.

எடை குறித்த முடிவு இப்படி ஆனது: ஒரு மாதிரிக்கு 400 கிராம், ஆனால் 100 கிராமாக நான்கு தடவை; தங்கியதைக் கூட்டிக்கொள்வது. ஏன் வெறும் 100 கிராமோடு நிறுத்தவில்லை? 2.36 மி.மீ.-க்குச் சற்று மேலான ஒரு துகள் சுமார் 15 மில்லிகிராம் இருக்கும். 100 கிராமில் 3.3% என்றால் 220 துகள்கள். இருநூறு சொச்சம் துகள்களில் பதினைந்து துகள் இந்தப் பங்கிலோ அந்தப் பங்கிலோ போய் விழுவது வெறும் தற்செயல், அதுவே 0.2 புள்ளியை நகர்த்திவிடும். 400 கிராமில் அந்த ஆட்டம் பாதியாகும். இரவு டெக்னீஷியன் சொன்னதில் பாதி சரி என்பது இதுதான். நிறையப் பார்க்கவேண்டும், ஆனால் ஒரேயடியாகக் கொட்டக்கூடாது.

எவ்வளவு நேரம் ஆட்டுவது

இந்தப் பகுதியில்தான் நான் அதிகம் கற்றுக்கொண்டேன், அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன்.

எங்கள் பழைய குறிப்பில் 15 நிமிடம் என்று இருந்தது. யார் எழுதியது, ஏன் 15, யாருக்கும் தெரியவில்லை. ஒரே மாதிரியின் பங்குகளை 5, 10, 15, 20, 30 நிமிடம் ஆட்டிப் பார்த்தோம். 2.36 சல்லடையில் தங்கியது 3.8, 3.3, 3.3, 3.3, 3.2 என்று பத்தாவது நிமிடத்திலேயே நிலைத்துவிட்டது. 75 மைக்ரானுக்குக் கீழே போனதோ 6.1, 6.9, 7.4, 7.9, 8.8 என்று ஏறிக்கொண்டே போனது. பத்து நிமிடத்துக்குப் பிறகு நிமிடத்துக்கு ஏறத்தாழ 0.1 என்று கோடு போட்டதுபோல் ஒரே சீராக.

சலிப்பு முடியாமல் இருந்தால் ஏற்றம் நேரம் ஆக ஆகக் குறைந்துகொண்டே வரவேண்டும். இது குறையவில்லை. அப்படியானால் கரியே சல்லடையில் உராய்ந்து பொடியாகிறதா? சந்தேகத்தைத் தீர்க்க ஒரு பங்கை 75 மைக்ரான் சல்லடையில் தண்ணீர் விட்டுக் கழுவினோம். கரி தண்ணீரில் ஒட்டாமல் மிதக்கும். சோப்புக் கரைசல் சில துளி விட்டால்தான் நனையும். தண்ணீர் தெளிவாக வரும்வரை கழுவி, 40 டிகிரிக்கு மேல் போகாமல் உலர்த்தி, எடை போட்டோம். கீழே போனது 7.3%. பிறகு, பொடியே இல்லாத அந்தக் கழுவிய கரியை மறுபடி உலர்வாக ஆட்டினோம். மீண்டும் பொடி வந்தது, அதே வேகத்தில், நிமிடத்துக்கு 0.1.

கரி மென்மையானது, நாங்கள் அளந்துகொண்டே அதை அரைத்துக்கொண்டிருந்தோம்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. உண்மையான அளவு 7.3 என்று வைத்துக்கொண்டால், பத்து நிமிடத்தில் வந்த 6.9 குறைவு, ஏனெனில் பெரிய துகள்களின் மேல் ஒட்டிய பொடி இன்னும் இறங்கவில்லை. பழைய குறிப்பின் 15 நிமிடத்தில் வந்த 7.4 கிட்டத்தட்ட சரி. ஒட்டிக்கொண்டதால் வந்த குறையும், உராய்ந்ததால் வந்த மிகையும் ஒன்றையொன்று சாப்பிட்டு நல்ல எண்ணைக் கொடுத்தன. அந்த ஒரு கரிக்கு மட்டும். இன்னும் மென்மையான கரி வந்தால் அதே 15 நிமிடம் மிகையாகக் காட்டும். கடினமான ஈரக் கரி வந்தால் குறைவாகக் காட்டும்.

முடிவு: பொடியின் அளவு அறிக்கைக்கு வேண்டுமென்றால் முதலில் 75 மைக்ரானில் கழுவுவது; மீதியை உலர்த்தி 10 நிமிடம் ஆட்டுவது; அப்போது தட்டில் புதிதாக விழும் பொடியைத் தனியாக எழுதிவைப்பது. ஆட்டி முடித்ததும் ஒவ்வொரு சல்லடையையும் கையில் ஒரு நிமிடம் சலித்து, தங்கியதில் 1%-க்கு மேல் இறங்கினால் இன்னும் முடியவில்லை என்று கொள்வது. மொத்த எடையும் தொடக்க எடையும் 1%-க்குள் பொருந்தவில்லை என்றால் அந்தச் சோதனையை எறிந்துவிடுவது.

கேமராவின் மீதி ஆறு புள்ளி

இதற்குள் பிரிவுப் பொறுப்பாளருக்குப் பொறுமை போயிருந்தது. மூன்று நிமிடத்தில் எண் தரும் கருவியை வாங்கிவைத்துவிட்டு, சல்லடை வேலையை நான்கு மடங்கு ஆக்கியிருக்கிறோம். இந்த அழுத்தத்தில்தான் நான் என் தவறைச் செய்தேன்.

ஐந்து மாதிரிகளின் சல்லடை எண்களையும் கேமரா எண்களையும் ரோசின்–ராம்லர் வரைபடத்தில் போட்டேன். அரைத்த கரியின் பரவலுக்காக 1933-இல் வந்த சமன்பாடு அது; நொறுக்கிய கரி பெரும்பாலும் அதில் நேர்கோடாக விழும். சல்லடைக் கோடும் நேர், கேமராக் கோடும் நேர். இரண்டும் ஒன்றுக்கொன்று இணையாக, கேமரா வலப்புறம் தள்ளி. (இரவு ஷிஃப்டின் பழைய எண்களைப் போட்டால் இரண்டு முனையிலும் வளைந்தது. கோளாறு எங்கே என்று அந்த வளைவே முன்பே சொல்லியிருக்கும். நாங்கள்தான் போட்டுப் பார்க்கவில்லை.) இணையாகத் தள்ளி நிற்கிறது என்றால், எல்லா அளவையும் ஏதோ ஒரு எண்ணால் பெருக்கியதுபோல் இருக்கிறது என்று பொருள். 0.78 என்று வந்தது. அதைக் கேமராவின் மென்பொருளில் திருத்தக் காரணியாக ஏற்றிவிட்டேன். அடுத்த நாள் முதல் கேமரா எண்ணும் சல்லடை எண்ணும் ஒத்துப்போயின. எல்லோருக்கும் நிம்மதி.

மூன்று வாரம் இப்படி ஓடியது. வாரம் ஒன்றைச் சல்லடையில் சரிபார்க்கும் வழக்கம் மட்டும் விடாமல் இருந்தது. மூன்றாம் வாரச் சரிபார்ப்பில் ஒரு மாதிரிக்குக் கேமரா 2.1% என்றது, சல்லடையில் 5.6%. இந்தத் தடவை தவறு ஆபத்தான பக்கம். வரம்பைத் தாண்டிய மாதிரியைக் கேமரா தேர்ச்சி என்று விட்டிருந்தது.

செதில்

மூத்த டெக்னீஷியன் என்னை மேசைக்குக் கூப்பிட்டார். பழைய கரியில் 2.36 சல்லடை வழியே கீழே இறங்கி 1.70-இல் தங்கியதிலிருந்து ஒரு துகளை இடுக்கியில் எடுத்திருந்தார். கறுப்பாக இல்லை, சாம்பல் நிறம், களிப்பாறைச் செதில். வெர்னியரில் 4.1 மி.மீ. நீளம், 2.6 அகலம், 0.6 தடிமன்.

"படுக்க வெச்சா நிக்குது, நிமித்தி மூலைக்குத் திருப்பினா விழுந்துடுது சார்" என்று செய்து காட்டினார். அகலம் 2.6, கண்ணோ 2.36. நேராக விட்டால் போகாது. ஆனால் சதுரக் கண்ணின் மூலைவிட்டம் 3.34 மி.மீ. செதிலை நிமிர்த்தி, மூலைக்கு மூலை திருப்பினால் வழுக்கிக்கொண்டு இறங்கியது. சல்லடையைப் பொறுத்தவரை இது 2.36-க்குக் கீழான துகள்.

அதே செதிலின் அகலப் பக்கம் கேமராவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? மென்பொருள், நிழலின் பரப்புக்குச் சமமான வட்டத்தின் விட்டத்தைத்தான் அளவு என்று எடுத்துக்கொண்டிருந்தது. கருவியோடு வந்த அமைப்பு அது. நாங்கள் யாரும் மாற்றவில்லை. அந்தக் கணக்கில் இது 3.7 மி.மீ. துகள். அதோடு நிற்கவில்லை. எண்ணிக்கையிலிருந்து கன அளவுக்குப் போக, கருவி அதை 3.7 மி.மீ. உருண்டை என்று எடுத்துக்கொள்கிறது: 26 கன மி.மீ. உண்மையில் அந்தச் செதில் 6.4 கன மி.மீ.தான். அளவிலும் மிகை, அந்த மிகை அளவுக்குக் கொடுக்கும் பங்கிலும் நான்கு மடங்கு மிகை.

என் 0.78 என்ற எண் எதை அளந்தது என்பது அப்போதுதான் விளங்கியது. அது கருவியின் திருத்தம் அல்ல. அந்த ஒரு கரியில் எவ்வளவு செதில் இருக்கிறது என்பதன் அளவு. மூன்றாம் வாரம் வந்த கரி வேறு. உடைந்தால் கட்டைகட்டையாக உடையும் பளபளப்பான கரி. செதில் மிகக் குறைவு. அதன் துகள்களுக்குத் திருத்தமே தேவைப்படவில்லை. நான் அவற்றை எல்லாம் வலுக்கட்டாயமாகச் சுருக்கிவிட்டேன்.

எதிர்ப்பக்கம் இழுக்கும் இன்னொரு விஷயமும் இருந்தது. சல்லடை எடையைச் சொல்கிறது, கேமரா கன அளவைச் சொல்கிறது. கரியின் அடர்த்தி 1.3, 1.4 என்றால் களிப்பாறை 2.4-க்கு மேல் போகும். பருமனான துகள்களில் களிப்பாறை அதிகமென்றால் சல்லடை எண்தான் கூடவேண்டும். வடிவத்தால் வந்த மிகையில் ஒரு பகுதியை இது மறைத்துக்கொண்டிருந்தது.

எடுத்த முடிவுகள்

காரணியை அன்றே அழித்தேன். மென்பொருளில் பரப்புக்குச் சமமான விட்டத்தை விட்டு, நிழலின் மிகக் குறைந்த அகலத்தை அளவாக எடுக்கும்படி மாற்றினோம். சல்லடைக் கண்ணும் துகளின் நீளத்தைக் கேட்பதில்லை, குறுக்கைத்தான் கேட்கிறது என்பதால் இதுதான் அதற்கு நெருக்கமான அளவு. பழைய கரியில் கேமரா எண் 9.6-இலிருந்து 4.4-க்கு இறங்கியது, சல்லடை 3.3. கட்டைக் கரியில் இரண்டும் அரைப் புள்ளிக்குள் வந்தன. மீதி 1.1-ஐத் துரத்தவில்லை. விழும் துகள் எந்தப் பக்கம் காட்டும் என்பது நம் கையில் இல்லை. தடிமனை ஒற்றைக் கேமரா பார்க்கவும் முடியாது.

லேசர் கருவி வாங்கலாமா என்று ஒரு யோசனை வந்தது. அதுவும் ஒளிச் சிதறலை வைத்து உருண்டைக்குச் சமமான விட்டத்தைத்தான் சொல்லும். நுண்பொடிக்கு அருமையான கருவி. எங்கள் கேள்வி 2.36 மி.மீ. பற்றியது. விட்டுவிட்டோம்.

அறிக்கையில் போகும் எண் சல்லடை எண் மட்டுமே என்று எழுதி வைத்தோம். ஐஎஸ்ஓ 1953, ஏஎஸ்டிஎம் டி4749 என்ற தர முறைகள் இரண்டும் நிலக்கரியின் அளவைச் சல்லடை வைத்தே வரையறுக்கின்றன. உச்ச அளவு என்ற சொல்லே சல்லடைக் கண்ணை வைத்துப் பிறந்தது. கேமரா, மில்லைக் கண்காணிக்க. ஒவ்வொரு கரிக்கும் தனி வரைபடம். முந்தைய எண்ணோடு இன்றைய எண்ணை ஒப்பிடுவது மட்டும்.

கடைசியாக, விரும்பாத வேலை. காரணி ஓடிய மூன்று வாரத்தில் கேமரா எண்ணை நம்பிப் போன 14 அறிக்கைகள் இருந்தன. சேமித்து வைத்த பங்குகளை எடுத்து எல்லாவற்றையும் சலித்தோம். சரிபார்ப்பில் சிக்கியதையும் சேர்த்து, இரண்டில் உச்ச அளவு வரம்பு மீறியிருந்தது. அந்த இரண்டையும் மறுபடி நொறுக்கி, பங்கிட்டு, சாம்பல் பார்த்தோம். புதிய மதிப்பு பழையதிலிருந்து இரட்டைச் சோதனையில் அனுமதிக்கும் வித்தியாசத்துக்குள்ளேயே நின்றது. ஆனாலும் 14 அறிக்கைகளையும் திருத்தி, காரணம் எழுதி, மறுபடி அனுப்பினோம். கேள்வி கேட்ட வாடிக்கையாளர் ஒருவர்தான். எடையையும் ஆட்டும் நேரத்தையும் பற்றி அவர் துருவிக் கேட்டது, எங்கள் செயல்முறைக் குறிப்பில் இரண்டு வரிகளைத் தெளிவாக்கியது.

பின்னர் நடந்தது

மூன்று மாதத்தில் பகல், இரவு ஷிஃப்ட் எண்களின் வித்தியாசம் 2.7 புள்ளியிலிருந்து 0.3-க்கு வந்தது. அதில் பெரும்பங்கு உலர்த்தலால் என்று நினைக்கிறேன். ட்ரேயை ஒரு மணி நேர இடைவெளியில் இரண்டு தடவை எடை போட்டு, எடை நிலைத்த பிறகே மில்லுக்கு அனுப்பவேண்டும் என்ற ஒரே விதி போதுமானதாக இருந்தது. இரவில் இரண்டு மாதிரி குறைவாகத்தான் முடிகிறது, அதை ஒத்துக்கொண்டோம்.

இரண்டாம் மாதத்தில் ஒரு காலை கேமரா எண் ஒரே நாளில் 4.4-இலிருந்து 8.0-க்குத் தாவியது. அதே கரி, அதே பங்கீடு. உடனே சலித்ததில் 7.1%. மில்லைத் திறந்தால், தகட்டின் ஒரு மூலையில் கட்டைவிரல் நகம் அளவுக்குக் கிழிசல். பழைய முறையில் அந்த வாரச் சல்லடைச் சோதனைவரை நான்கு நாள் அப்படியே ஓடியிருக்கும். கேமராவை வாங்கச் சொன்ன பிரிவுப் பொறுப்பாளர் அன்று ஒன்றும் சொல்லவில்லை; கிழிந்த தகட்டைச் சுவரில் மாட்டச் சொன்னார்.

மறுபடி செய்தால் மாற்றுவது

கருவி வந்த முதல் நாளே அதன் அமைப்புகளைத் திறந்து, அளவு என்று அது எதைச் சொல்கிறது என்பதைப் படித்திருப்பேன். ஆறு வாரம் மிச்சமாகியிருக்கும்.

ஒரே கரியின் ஐந்து மாதிரிகளை வைத்துக் காரணி போட்டதுதான் என் தவறின் மையம். குறைந்தது மூன்று விதமாக உடையும் கரிகளில் (செதிலாக, கட்டையாக, பொடியாக) ஒப்பிட்டிருந்தால் 0.78 மூன்று வெவ்வேறு எண்ணாக வந்திருக்கும்; அப்போதே கைவிட்டிருப்பேன். எல்லா மாதிரியும் ஒத்துப்போனது என்னை நம்பவைத்தது. ஒத்துப்போகாத மாதிரியைத் தேடிப் போகவேண்டும் என்று அப்போது தோன்றவில்லை.

1.70-இல் தங்கியதைத் தாளில் கொட்டிப் பார்ப்பதை முதல் வேலையாக வைப்பேன். கட்டியா துகளா, செதிலா கட்டையா என்பதை உருப்பெருக்கி இல்லாமலே சொல்லலாம். நாங்கள் எண்களையே பார்த்துக்கொண்டிருந்தோம். சல்லடைக்குள் கண்ணை விட்டது ஒரு மாதம் கழித்து.

இன்னும் தீராதது ஒன்று உண்டு. களிப்பாறை மிகுந்த கரி வரும்போது கேமராவுக்கும் சல்லடைக்கும் இடைவெளி இரண்டு புள்ளிவரை போகிறது. நீள்கண் சல்லடை ஒன்றை வைத்துச் செதில்களைத் தனியாகப் பிரித்து எடை போடும் முயற்சி இப்போது நடக்கிறது. 2 மி.மீ. அளவை ஒட்டிய அந்தத் துகள்கள் கண்ணில் சிக்கி அடைத்துக்கொள்வதால் முதல் இரண்டு முயற்சிகளின் எண்களை எழுதிவைக்கவில்லை.